சம்மன் வந்த வீடு: கோர்ட்டில் நீங்களே நிற்பதா, டெப்ட் ரிவ்யூவா, விற்பதா?

பாண்டு, அதாவது வீட்டை ஈடுவைத்து வாங்கிய வீட்டுக்கடன்; அதன் தவணை நாலைந்து மாதம் நின்றுபோன வீட்டில் முதலில் எழும் கேள்வி, "வக்கீல் வைக்க வசதியில்லை, நாமே கோர்ட்டில் நின்றால் ஜெயிக்கலாமா?" என்பதுதான். தென்னாப்பிரிக்காவில் பாண்டு வழக்கில் வங்கியை ஜெயிப்பது அபூர்வம். கடன் வாங்கியதும் உண்மை, தவணை நின்றதும் உண்மை என்றால் வாதாட மிச்சம் அதிகமில்லை. ஆனால் வழக்கில் தோற்றும் வீட்டில் தொடர்ந்து குடியிருப்பவர்கள் உண்டு. எதிர்வழக்காட முனைந்து, நடுவில் வீட்டைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. எனவே ஜெயிப்பதை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் காகிதம் எது? அடுத்த மாதத் தவணையை முழுசாகக் கட்ட முடியுமா?

இரண்டாவது கேள்வி பலருக்கு ஏன் இவ்வளவு கடினமாகிப்போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2021-இல் 7 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி), 2023 மே மாதம் 11.75 சதவீதத்தைத் தொட்டது. 20 வருடத்துக்கு 8 லட்சம் ராண்ட் பாண்டு என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 6,200 ராண்ட், 11.75 சதவீதத்தில் சுமார் 8,670. சம்பளம் அதே சம்பளம்தான். அதற்குப் பின் வட்டி கொஞ்சம் இறங்கியது, ஆனால் இடையில் சேர்ந்த நிலுவை தானாக இறங்காது.

காகிதத்துக்கு வருவோம். முதலில் வருவது 129-ஆம் பிரிவுக் கடிதம், 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி. நீங்கள் குறைந்தது 20 வேலைநாள் நிலுவையில் இருந்து, இந்தக் கடிதம் கொடுக்கப்பட்டு 10 வேலைநாளும் கடந்த பிறகுதான் வங்கி கோர்ட்டுக்குப் போகலாம். அடுத்தது சம்மன். அதோடு சேர்ந்தோ அதற்குப் பின்னோ, வீட்டை ஏலத்துக்கு உரியதாக அறிவிக்கக் கேட்கும் 46ஏ விதி மனு. கடைசியாக, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃபின் ஏல அறிவிப்பு. டெப்ட் ரிவ்யூ, அதாவது எல்லாக் கடன்களின் தவணையையும் சட்டப்படி மாற்றியமைக்கும் வழி, முதல் காகிதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். நீங்களே நிற்பதன் முழுப் பலன் மூன்றாவது காகிதத்தில்தான். நிலுவையைக் கட்டி வீட்டை மீட்கும் வழி மட்டும் ஏலம் வரை திறந்திருக்கும். இதைத்தான் மக்கள் குறைவாக அறிந்திருக்கிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

நிலுவையைக் கட்டி மீட்பது

சம்மனைப் பிரித்தால் வங்கி முழுக்கடனையும் கேட்டிருக்கும். 6,40,000 ராண்ட் என்று கொட்டை எழுத்தில் பார்த்ததும் கை கால் ஓடாது. ஆனால் 129(3) பிரிவுப்படி, வங்கி ஒப்பந்தத்தை ரத்து செய்யாத வரை, நீங்கள் கட்டவேண்டியது நிலுவையும், சட்டம் அனுமதிக்கும் தாமதக் கட்டணமும், அதுவரை ஆன நியாயமான வழக்குச் செலவும் மட்டுமே. நிலுவை 72,000 என்றால் அதையும் செலவையும் கட்டினால் பாண்டு பழையபடி உயிர்பெறும். தீர்ப்பு வந்த பின்னும் இது செல்லும். வீடு ஏலத்தில் போன பிறகு செல்லாது. 2016-இல் என்காட்டா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒருபடி போனது. இப்படிக் கட்டினால் வங்கியின் சம்மதம் தேவையில்லை, ஒப்பந்தம் சட்டப்படி தானாகவே மீளும் என்றது. வழக்குச் செலவைப் பொறுத்தவரை, அது இருதரப்பும் ஒத்துக்கொண்ட தொகையாகவோ கோர்ட் அதிகாரி சரிபார்த்த தொகையாகவோ இருக்கவேண்டும். வங்கி அதை உங்களுக்குத் தெரிவித்தும் இருக்கவேண்டும். வாயால் சொன்ன ஒரு தொகையைக் காட்டி உங்களைத் தடுக்க முடியாது.

ஆகவே வங்கியின் வக்கீலுக்கு முதலில் அனுப்பவேண்டிய ஈமெயில் இரண்டே வரிதான். இன்றைய தேதியில் நிலுவை எவ்வளவு, முழுக்கடன் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பாண்டுக் கணக்கின் முழு ஸ்டேட்மெண்டையும் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்கவேண்டும். நகை, கார், அண்ணன் தம்பி, இவையெல்லாம் தெரிந்த வழிகள். தெரியாமல் விடுவது இரண்டு. பாண்டோடு எடுத்த ஆயுள் காப்பீட்டில் வேலை இழப்புக்கோ உடல் ஊனத்துக்கோ பாதுகாப்பு இருக்கலாம். பாலிசியை எடுத்துப் படியுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். குறைந்தது 2,000 ராண்ட். வருமான வரி பிடித்தபின்தான் கைக்கு வரும். ஆனால் அடுத்த மாதத் தவணையைக் கட்ட வழியில்லாதவர் ஓய்வூதியத்தை எடுத்து நிலுவையில் போட்டால், ஆறு மாதத்தில் அதே இடத்தில்தான் நிற்பார், கையில் அந்தப் பணமும் இருக்காது.

டெப்ட் ரிவ்யூ யாருக்கு

பாண்டோடு கார்க்கடன், கடைக் கணக்குகள், பர்சனல் லோன் என்று நாலைந்து சேர்ந்து கழுத்தை நெரித்தால் டெப்ட் ரிவ்யூ பொருத்தம். டெப்ட் கவுன்சிலர் எல்லாக் கடன்காரர்களிடமும் பேசித் தவணைகளைக் குறைத்து, அதை மாஜிஸ்ட்ரேட் கோர்ட் உத்தரவாக்கவேண்டும். பாண்டு நிலுவை மட்டுமே பிரச்சினை என்றால் இது சுற்றுவழி, செலவும் கூட.

இங்கே காலம்தான் எல்லாம். 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, 129-ஆம் பிரிவுக் கடிதம் வந்த பின்னும் பாண்டை டெப்ட் ரிவ்யூவுக்குள் கொண்டுவரலாம். வங்கி கோர்ட் நடவடிக்கை தொடங்கிவிட்டால் முடியாது. சம்மன் கிடைத்த மறுநாள் கவுன்சிலரிடம் ஓடுபவருக்கு மற்றக் கடன்களெல்லாம் சேரும், வீடு மட்டும் சேராது. அதை வெளிப்படையாகச் சொல்லாத கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். பதிவு எண் என்சிஆர்டிசி என்று தொடங்கும். அதைத் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பிடம் சரிபாருங்கள்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது கோர்ட் விண்ணப்பத்தில். விண்ணப்பித்து 60 வேலைநாள் ஆகியும் கவுன்சிலர் கோர்ட்டில் எதுவும் போடவில்லை என்றால் வங்கி ரிவ்யூவை முடித்துக்கொள்ளலாம். கோர்ட்டில் போட்டாயிற்று என்றால் முடியாது. ஆகவே மாதாமாதம் பணம் கட்டுவதோடு நிற்காமல் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவு வந்தபின் ஒரு தவணை தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். ரிவ்யூ நடக்கும்வரை புதுக்கடன் எதுவும் எடுக்க முடியாது. மற்றக் கடன்கள் தீர்ந்து பாண்டு நிலுவையில்லாமல் இருந்தால் விடுவிப்புச் சான்று கிடைக்கும், பாண்டு முழுசாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்களே நிற்பது: எதில் பலம், எதில் பலவீனம்

கோர்ட்டில் நடப்பது இரண்டு வேறு சண்டைகள். முதலாவது, கடன் இருக்கிறதா, வங்கியின் காகிதம் சரியா என்பது. இது சட்ட நுணுக்கம். வக்கீல் இல்லாதவர் இதில் பெரும்பாலும் அடிபடுவார். இரண்டாவது, கடன் இருக்கட்டும், அதற்காக இந்தக் குடும்பத்தின் வீட்டை விற்கத்தான் வேண்டுமா என்பது. இதில் உங்கள் வீட்டைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இந்த இரண்டாவது சண்டை சும்மா வந்ததல்ல. அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு வீட்டு உரிமையைச் சொல்கிறது. 2004-இல் ஜாஃப்தா வழக்கு, சில்லறைக் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டை விற்பதை நீதிமன்றக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. 2011-இல் குந்த்வானா வழக்கு, வீட்டை ஏலத்துக்கு அறிவிக்க ரெஜிஸ்ட்ராருக்கு (கோர்ட்டின் பதிவு அதிகாரி) அதிகாரமில்லை, நீதிபதிதான் பார்க்கவேண்டும் என்றது. 2017 டிசம்பர் 22 முதல் உயர்நீதிமன்ற விதி 46ஏ இதை ஒரு நடைமுறையாக்கியது. இது உங்கள் முதன்மைக் குடியிருப்பா, கடனைத் தீர்க்க வேறு வழி உண்டா என்று நீதிபதி பார்த்தாகவேண்டும். ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைப்பதையும் பரிசீலிக்கவேண்டும். வங்கி சந்தை மதிப்பு, முனிசிபல் மதிப்பு, பாண்டு பாக்கி, ரேட்ஸ் (முனிசிபல் வீட்டு வரி) பாக்கி எல்லாவற்றுக்கும் காகிதம் வைக்கவேண்டும். மனு உங்களிடம் நேரில் கொடுக்கப்படவேண்டும், கோர்ட் வேறு வழியை அனுமதித்தால் தவிர.

முதல் சண்டையில் பலரும் பிடிக்கும் கொம்பு, "129 கடிதம் எனக்கு வரவேயில்லை" என்பது. 2012-இல் செபோலா வழக்கு, கடிதம் சரியான தபால் நிலையத்துக்குப் போனதை வங்கி காட்டவேண்டும் என்றது உண்மைதான். 2014-இல் குப்யானா வழக்கு மறுபக்கத்தைச் சொன்னது: தபால் நிலையத்திலிருந்து சீட்டு வந்தும் போய் எடுக்காதவர், வரவில்லை என்று சொல்ல முடியாது. அப்படியே நீங்கள் சொல்வது சரி என்றாலும் 130(4) பிரிவுப்படி வழக்கு தள்ளுபடியாகாது. ஒத்திவைத்துக் கடிதத்தைச் சரியாக அனுப்பச் சொல்வார்கள். கிடைப்பது சில வாரம். அந்தச் சில வாரத்தில் நிலுவையைத் திரட்ட முடியும் என்றால் மட்டும் இந்தக் கொம்பைப் பிடியுங்கள்.

"வங்கி கொடுத்தது காற்றிலிருந்து உருவாக்கிய பணம்", "பாண்டை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், அதனால் கடன் செல்லாது" என்று வாட்ஸாப்பில் சுற்றும் வாதங்களை இங்குள்ள கோர்ட்டுகள் ஏற்கவில்லை. அவற்றை எழுதிக் கொடுக்கக் காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பாண்டு ஒப்பந்தப்படி வங்கியின் வக்கீல் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும் என்பதால், ஒவ்வொரு வீண் வாதமும் நிலுவையில் ஏறும்.

நடைமுறை இதுதான். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 10 கோர்ட் நாளுக்குள், எதிர்க்கும் எண்ணம் உண்டு என்ற ஒரு பக்க அறிவிப்பைக் கொடுக்கவேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது. டர்பன் உயர்நீதிமன்றத்தில் நீங்கள் தடுமாறக்கூடிய முதல் இடம் முகவரி. காகிதங்களைப் பெற, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் ஒரு முகவரி தரவேண்டும். சாட்ஸ்வொர்த்தின் சில யூனிட்டுகள் விளிம்பில் நிற்கும். ஃபீனிக்ஸும் டோங்காட்டும் வெளியே. ஓவர்போர்ட்டிலோ சிடன்ஹாமிலோ இருக்கும் சித்தி, மாமா வீட்டு முகவரியைக் கேட்டு வாங்குங்கள். அங்கே கதவில் ஒட்டிப்போனாலும் உங்களுக்குக் கொடுத்ததாகத்தான் கணக்கு என்பதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஈமெயிலும் எழுதுங்கள். பிரதியை வங்கி வக்கீலிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி, மூலத்தை ரெஜிஸ்ட்ரார் கவுண்டரில் பதியுங்கள்.

அறிவிப்புக்குப் பின் 20 கோர்ட் நாளுக்குள் பதில்மனு. அதை வைத்து வங்கி 15 கோர்ட் நாளுக்குள் சுருக்கத் தீர்ப்பு (முழு விசாரணை இல்லாத தீர்ப்பு) கேட்கலாம். கேட்டால், விசாரணைக்கு 5 நாள் முன்னால் உங்கள் அஃபிடவிட் (உறுதிமொழி வாக்குமூலம்) போயிருக்கவேண்டும். 46ஏ மனு தனியாக வந்தால் அதற்கும் 10 நாள்.

அந்த 46ஏ அஃபிடவிட்டில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் போகவேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, யார் பள்ளியில், யார் மருந்தில். இதைவிட்டால் போக்கிடம் உண்டா. தவணை எந்த மாதம் எதனால் நின்றது. மாத வரவு, மாதச் செலவு, கையில் மிஞ்சுவது. பின்கட்டு அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருந்தால் அதன் ரசீதும் இதில் வரும். மறைத்தால் பின்னால் அதுவே உங்களைக் குத்தும். மூன்று மாத வங்கி ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, முனிசிபல் மதிப்பீடு, எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரின் எழுத்து மதிப்பீடு, வங்கிக்கு அனுப்பிய ஈமெயில்கள் எல்லாம் இணைப்பு. கடைசியில் ஒரு திட்டம்: அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் தவணையும், நிலுவைக்காக மேல் 4,000 ராண்டும் என்பதுபோல. 72,000 நிலுவையை அது 18 மாதத்தில் தீர்க்கும். திட்டத்துக்கு முன்பே ஒரு மாதம் அதன்படி கட்டிவிட்டு ரசீதை இணைத்தால், வெறும் வாக்குறுதி அதன் பக்கத்தில் நிற்காது.

அஃபிடவிட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாக உறுதிமொழி எடுத்து முடிக்கலாம். அங்கே போகும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்; அதிகாரியின் முன்னால்தான் போடவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் சுருக்கொப்பமும் அதிகாரியின் சுருக்கொப்பமும் வேண்டும். ரெஜிஸ்ட்ராருக்கு எழுதிய உருக்கமான கடிதம் அஃபிடவிட் ஆகாது. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாண்டு என்றால் இருவரும் தனித்தனியாக அஃபிடவிட் போடவேண்டும். படித்த மகன் உயர்நீதிமன்றத்தில் அம்மாவுக்காக எழுந்து பேச முடியாது, அவன் வக்கீலாக இல்லாதவரை. இறந்துபோன அப்பா பெயரிலேயே வீடு இருக்கிறது என்றால் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் எக்ஸிகியூட்டர் (சொத்தை நிர்வகிப்பவர்) நியமனம் வாங்காமல் ஒரு அடிகூட வைக்க முடியாது. அந்த நிலையில் தானே நிற்பது வேலைக்காகாது.

இதையெல்லாம் செய்தால் என்ன கிடைக்கும்? வழக்கைத் தள்ளுபடி செய்வது அல்ல. சில மாதம் ஒத்திவைப்பு, அதற்குள் கட்டவோ விற்கவோ வாய்ப்பு. அல்லது உத்தரவு வந்தாலும் ஒரு கெளரவமான குறைந்தபட்ச விலை. ஒன்றுமே பதிக்காதவருக்கு இரண்டும் கிடைப்பது கடினம். பதிக்காமல் தீர்ப்பு வந்துவிட்டால், தெரியவந்த 20 நாளுக்குள் அதை நீக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் வராததற்குச் சரியான காரணமும் உண்மையான எதிர்வாதமும் இரண்டும் வேண்டும். இரண்டாவது பெரும்பாலோரிடம் இருப்பதில்லை.

வக்கீல் பக்கம் சுருக்கமாக. லீகல் எய்டு (அரசின் சட்ட உதவி அமைப்பு) வருமானத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக லா கிளினிக்கையும் கேட்கலாம். இரண்டுக்கும் சம்மன் வந்த வாரமே போங்கள், விசாரணைக்கு முதல் நாள் போனால் யாரும் எடுக்கமாட்டார்கள். முழு வழக்கையும் ஒப்படைக்க வசதியில்லாதவர், அஃபிடவிட்டைத் தானே எழுதி ஒரு மணிநேரத்துக்கு மட்டும் அட்டர்னியிடம் காட்டித் திருத்தலாம். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இந்த நடுவழியே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. வட்டிக் கணக்கே தவறு, கையெழுத்தே உங்களுடையதல்ல என்பது போன்ற உண்மையான தகராறு இருந்தால் மட்டும் முழு வக்கீல் கட்டாயம்.

விற்பது

அடுத்த மாதத் தவணையைக் கட்டவே முடியாது, வருகிற வருடமும் மாறாது என்றால் மேலே சொன்ன எதுவும் வீட்டைக் காக்காது. அப்போது யார் விற்கிறார்கள் என்பதே கேள்வி. ஒரு கணக்கு போடுவோம். சந்தை விலை 10 லட்சம் ராண்ட், பாண்டு 6,40,000, ரேட்ஸ் பாக்கி 38,000. நீங்களே விற்றால் ஏஜென்ட் கமிஷன் 6 சதவீதமும் அதன் மேல் 15 சதவீத வாட்டும் சேர்ந்து 69,000. வங்கியின் வக்கீல் செலவு 25,000 என்று வைத்தால் கையில் 2,28,000 மிஞ்சும். ஏலத்தில் குறைந்தபட்ச விலை, சந்தை விலையின் 70 சதவீதத்திலிருந்து ரேட்ஸ் பாக்கியைக் கழித்து 6,62,000 ஆக வைக்கப்பட்டு அதற்கே போனால், பாண்டும் அதுவரை ஏறிய வட்டியும் செலவும் அதை விழுங்கிவிடும். இன்னும் பாக்கி நிற்கலாம், அதை வங்கி உங்களிடமே கேட்கும்.

பெரிய வங்கிகளில் வீட்டுச் சொந்தக்காரர் தானே விற்க உதவும் திட்டங்கள் உண்டு. எஃப்என்பியில் குவிக் செல், அப்சாவில் ஹெல்ப் யூ செல், ஸ்டாண்டர்ட் பேங்கில் ஈஸிசெல் என்று பெயர். சேரும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: விற்பனை நடக்கும்வரை ஏலம் நிற்குமா, பாக்கி விழுந்தால் எவ்வளவு தள்ளுபடி, உங்கள் சம்மதமில்லாமல் எந்த விலைவரை இறங்கலாம். வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றுங்கள், வாடகைக்கு நீங்களே இருங்கள், பிறகு திரும்ப வாங்கலாம் என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் எதிலும் கையெழுத்து வேண்டாம். அப்படிக் கடன் என்று நினைத்து விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் மூர் வழக்கு, 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

ஏலத்தில் குறைந்தபட்ச விலை வரவில்லை என்றால் ஷெரிஃப் 5 நாளுக்குள் கோர்ட்டுக்கு அறிக்கை தரவேண்டும், அடுத்து என்ன என்று நீதிபதி மறுபடி பார்ப்பார். அங்கேயும் நீங்கள் போய் நிற்கலாம். வீடு கைமாறிய பின்னும் புது உரிமையாளர் பூட்டை உடைக்கவோ தண்ணீரை நிறுத்தவோ முடியாது. 1998-ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டப்படி கோர்ட் உத்தரவு வாங்கவேண்டும், விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன் உங்களுக்கும் முனிசிபாலிட்டிக்கும் அறிவிப்பு வரவேண்டும். வந்த அறிவிப்பில் தேதியைப் பாருங்கள். 46ஏ அஃபிடவிட்டுக்குச் சேர்த்த அதே கோப்பு அங்கேயும் வேண்டியிருக்கும்.